ஐம்பத்திரண்டாவது இருக்கேன்

வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்து உட்கார்ந்துவிட்ட ஆளை யார் என்ன செய்துவிட முடியும், கழுத்தைப் பிடித்தா தள்ளுவார்கள், தள்ளமாட்டார்கள், அப்படியே தள்ளினாலும் தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து இதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று பரஞ்சோதி நினைத்துக்கொண்டார். சாலிகிராமத்துச் சந்து ஒன்றில் இருக்கும் டப்பிங் ஸ்டுடியோ அது. வராந்தாவில் ரெக்சின் கிழிந்த சோபா, எதிரே பஞ்சு வைத்துத் தைத்த கனமான கதவு, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. விளக்கு எரிகிற வரைக்கும் உள்ளே பதிவு நடக்கிறது, தும்மல் வந்தாலும் தெருவுக்குப் போய்த்தான் தும்ம வேண்டும். இரண்டரைக்கு வந்தார், சுவர்க் கடிகாரத்தில் இப்போது மூன்று பத்து. உள்ளே யார் யார் என்று கேட்கத் தேவையில்லை, வாசலில் கிடந்த செருப்புகளே சொல்லிவிட்டன. இடது குதிகால் தேய்ந்த பழுப்புச் செருப்பு லூர்துமேரியுடையது, ஐம்பத்தைந்து வயதில் பன்னிரண்டு வயதுப் பையனாகப் பேசுகிறவள். வெள்ளை ஷூ டைரக்டர் தாரிணியுடையது. வார் அறுந்து ஊக்குக் குத்திய ரப்பர் செருப்பு சவுண்ட் இன்ஜினியர் சாதிக்குடையது. அவற்றுக்குப் பக்கத்தில் தன் செருப்பையும் வரிசை குலையாமல் விட்டிருந்தார், வேலைக்கு வந்தவன் செருப்பு எப்படிக் கிடக்குமோ அப்படி. நேற்றுச் சாயங்காலம் தாரிணிதான் போனில் சொன்னாள். "சார், நாளைக்கு நீங்க வர வேணாம் சார். கடைசி எபிசோடுல தோமோவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான். பழசுலேர்ந்து ஒண்ணு எடுத்துப் போட்டுக்கறோம். அம்பத்தோரு தடவை சொல்லியிருக்கீங்க, அதுல ஒண்ணு செட் ஆகாமலா போயிடும்? உங்க வீட்டம்மா போனதுக்கப்பறம் உங்களை அலைய விட வேணாம்னு பார்த்தேன்." நல்ல பெண். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். "சரிம்மா" என்றுதான் அவரும் சொன்னார். காலையில் பல் விளக்கும்போது, கண்ணாடியில் நுரை வாயைப் பார்த்தபோது, போகத்தான் போகிறோம் என்பது தெரிந்துவிட்டது. கஞ்சி போடாத பருத்திச் சட்டையாகத் தேடி எடுத்தார், கஞ்சி போட்டதென்றால் மைக்கில் சரசரக்கும். தயிர்சாதம் வயிறு நிறையச் சாப்பிட்டார், பசித்த வயிறு மைக்கில் பேசும். கைக்கடிகாரம் கட்டவில்லை. சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். சின்ன பிளாஸ்க்கில் வெந்நீர். ஒரு சொல்லுக்கு இவ்வளவு. ஒரு சொல்தான், ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் போவது.

அந்தச் சொல்லைத் தமிழில் கண்டுபிடித்ததே அவர்தான், இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஜப்பான்காரர்கள் வரைந்த கார்ட்டூன், தமிழில் 'நண்டுத்தீவுக் கொள்ளையர்கள்' என்று பேர் வைத்திருந்தார்கள், பேரைக் கேட்டுக் கத்தியும் ரத்தமும் எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போக வேண்டும். மீன்பிடி கிராமம் ஒன்றில் ஐந்து பிள்ளைகள் கடல்கொள்ளையர் விளையாட்டு விளையாடுகிறார்கள், அவ்வளவுதான். கரையில் கவிழ்த்துப் போட்ட ஓட்டைப் படகுதான் அவர்களுடைய கப்பல். அதை நிமிர்த்த அவர்களுக்குத் தெம்பு கிடையாது, அதனால் கப்பலுக்கு மேலே ஏறாமல் கப்பலுக்கு அடியில் நுழைந்துகொள்வார்கள். பள்ளிக்கூடச் சட்டை ஒன்றைக் கிழித்து மீன்முள் வரைந்த கொடி, பாத்திர மூடி கேடயம், நண்டுக் கொடுக்கும் சோடா மூடியும் புதையல். அடியில் ஒரே இருட்டு, ஆணி குத்திய ஓட்டைகளில் மட்டும் வெளிச்சம் நட்சத்திரம் நட்சத்திரமாக விழும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் கேப்டன் ரியோ, லூர்துமேரி பேசுகிற பையன், பேர் கூப்பிடுவான். இரட்டைப் பெண்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள், சமையல்காரப் பையன் எதையாவது மென்றுகொண்டே சொல்வான், கடைசியில் தோமோ. ஆறு வயது, எல்லாரிலும் சின்னவன், வாயே திறக்காதவன். அவன் எப்போதும் ஒரு மூச்சு தாமதமாகத்தான் சொல்வான். அவன் சொல்லுகிற வரைக்கும் ரியோ அடுத்த வார்த்தை பேசமாட்டான், அது அந்தக் கூட்டத்தின் சட்டம். சொன்ன பிறகுதான் "எல்லாரும் இருக்கோம், கிளம்பலாம்" என்பான், கப்பல் இருந்த இடத்திலேயே கிளம்பிவிடும். முதல் எபிசோடு தாளில் வசனகர்த்தா 'ஆஜர்' என்று எழுதியிருந்தார். ஆறு வயசுப் பிள்ளை எங்கே ஆஜர் சொல்லும், கோர்ட்டுக்கா வந்திருக்கிறது. பரஞ்சோதி பென்சிலால் அடித்துவிட்டு மைக்கில் 'இருக்கேன்' என்றார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அன்றிலிருந்து பதில் சொல்கிற நாலு பிள்ளைகளுக்கும் அதுவே ஆகிவிட்டது. ஐம்பத்தொரு தடவை. வாய் நிறையச் சோற்றோடு ஒன்று. பால்பல் விழுந்த நாளில் காற்றுப் போகிற ஒன்று. காய்ச்சலில் ஒன்று. தலைமேல் நண்டு ஏறி நிற்கும்போது அசையாமல் கிசுகிசுத்த ஒன்று. இரட்டைப் பெண்களோடு சண்டை போட்டுவிட்டுப் படகுப் பலகையைப் பார்த்துச் சொன்ன ஒன்று, முப்பத்திரண்டாவது எபிசோடு, அதற்கு எட்டு டேக் ஆனது, கோபமாக இருக்கிறேன் என்பதும் ஆனாலும் போய்விடவில்லை என்பதும் இரண்டும் கேட்க வேண்டும். தங்கச்சி பிள்ளைகளின் பேரைக்கூடச் சில சமயம் மாற்றிக் கூப்பிட்டுவிடுகிறார், இந்த ஐம்பத்தொன்றில் எது எந்த நாளுடையது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அறுபத்தோரு வயது அவருக்கு. குரல் மட்டும் பத்து வயதைத் தாண்டவில்லை. மற்றப் பையன்களுக்கெல்லாம் தொண்டை உடைந்து கரகரவென்று ஆனபோது இவருக்கு உடையவே இல்லை, இன்று உடையும் நாளை உடையும் என்று அம்மா மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்துப் பார்த்தாள். லால்குடியில் ஒன்பதாம் வகுப்பு. வாத்தியார் தலை நிமிராமல் வரிசையாகப் பேர் படிப்பார். "பரஞ்சோதி." "உள்ளேன் ஐயா." அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரிக்கும், பின்பெஞ்சில் ஒருவன் "உள்ளேன் அம்மா" என்பான். ஒரு நாள் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தார். சிரிப்பு இல்லை. வாத்தியார் அடுத்த பேருக்குப் போய்விட்டார். என்ன நிம்மதி. மறுநாளும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அஞ்சலட்டை வந்தது, தங்கள் மகன் இருபத்திரண்டு நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை என்று. எங்கேடா சுத்தின, சொல்லு, எங்கேடா சுத்தின என்று கேட்டுக் கேட்டு அப்பா அடித்தார். எங்கயும் சுத்தல, முதல் பெஞ்சுலதான் இருந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள், அதையும் இந்தக் குரலில் சொன்னால். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் வாடகை நூலகத்தில் தானாகப் படித்ததுதான். சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. லூர்துமேரிக்கு இன்று பெரிய கத்தல் இருக்கிறது, கடலைத் தாண்டிக் கத்த வேண்டும், நேரம் ஆகத்தான் செய்யும். போனில் இன்றைக்கும் எல்லாரும் அவரை மேடம் என்கிறார்கள். பேங்கிலிருந்து, கேஸ் கம்பெனியிலிருந்து, "மேடம், சார் இருக்காரா?" முன்பெல்லாம் "இருக்கேன், சொல்லுங்க" என்பார், எதிர்முனையில் ஒரு திகைப்பு வரும், அதை அவர் கொஞ்சம் ரசிக்கவும் செய்வார். கல்யாணம் நிச்சயமான புதிதில் ரூபவதி வீட்டுக்குப் போன் செய்தார், புடவை எடுக்க வர ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று சொல்வதற்காக. அவள் அப்பா போஸ்ட் மாஸ்டர், போனை எடுத்தவர் ஒரு 'ஹலோ'விலேயே முடிவு பண்ணிவிட்டார். "ரூபா, உன் சிநேகிதி கூப்பிடறா பாரு." இவர் மறுக்கவில்லை. கல்யாணம் வரைக்கும் வாரம் மூன்று நாள், அரை அரை மணி நேரம், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார், என் மகளுக்கு என்ன அருமையான சிநேகிதி பாருங்கள் என்று ஊரெல்லாம் பெருமை வேறு. கல்யாணத்துக்கு அந்த சிநேகிதி வரவில்லை என்று வருத்தப்பட்டாராம். ரூபா இதைச் சொல்லிச் சொல்லி முப்பத்தைந்து வருஷம் சிரித்தாள். அவள் சிரித்ததால் அந்தக் குரல் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக ஆயிற்று. நாலு மாதத்துக்கு முன்னால் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியபோதும், "அம்மா, பதறாதீங்கம்மா, வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்கள். அப்போது என்ன பதில் சொன்னார் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. இருக்கேன் என்று சொல்லவில்லை. அது மட்டும் நிச்சயம்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை. ஐம்பத்தொன்றாவது எபிசோடு அதற்கு முன்பே பதிவாகியிருந்தது, கடைசி எபிசோடு ஜப்பானிலிருந்து இப்போதுதான் வந்தது. யாராவது சார் இருக்காரா என்றால், "சொல்லுங்க" என்கிறார். துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் நின்று வீட்டில் இருக்கீங்களா என்றபோது கதவைத் திறந்து நின்றார், வாயைத் திறக்கவில்லை. திட்டம் போட்டுச் செய்ததில்லை, நாக்கு அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறது, வழியில் படுத்திருக்கும் நாயைச் சுற்றிப் போகிற மாதிரி. ரூபா விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையோடு ஆன மாதமும் கார்ட்டூன் தொடங்கிய மாதமும் ஒன்றுதான். உள்ளறையிலிருந்து கூப்பிடுவாள், "இருக்கீங்களா?" தண்ணீருக்கோ மாத்திரைக்கோ கூப்பிடுவதில்லை, சும்மாதான், வீட்டில் ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அடுப்படியிலிருந்து இவர் "இருக்கேன்" என்பார். நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. ஒரு நாள் தோமோவின் குரலில் சொல்லிப் பார்த்தார். உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது, "இது பசிக்கிற பையன்." அன்றிலிருந்து அது ஒரு பரீட்சை ஆகிவிட்டது. மறுநாள் ஸ்டுடியோவில் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி முந்தின நாள் அடுப்படியில் சொல்வார், அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கண்டுபிடிப்பாள். "இது தூங்கி வழியற பையன்." "இவன் எதையோ ஒடைச்சுட்டு வந்திருக்கான்." "இவன் அழுதிருக்கான், ஆனா யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைக்கறான், ரொம்ப நல்லாருக்கு, இதையே சொல்லுங்க." அவள் தேறியது என்று சொன்னால் டைரக்டரும் தேறியது என்பாள், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பிறகு அந்த வியாழக்கிழமை. வேண்டாம், அந்த வியாழக்கிழமைக்குள் இப்போது போக வேண்டாம், பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடிக்கலாம், தொண்டையில் தயிரின் பிசுபிசுப்பு இன்னும் இருக்கிறது, தயிர் சாப்பிட்டிருக்கவே கூடாது, முப்பது வருஷ அனுபவத்தில் இதுகூடத் தெரியவில்லை. வியாழக்கிழமை அடுப்படித் தொட்டியில் நெத்திலி கழுவிக்கொண்டிருந்தார். குழாய் திறந்திருந்தது. "இருக்கீங்களா?" கேட்டது. நன்றாகவே கேட்டது. சொல்லவில்லை. கையெல்லாம் மீன் என்பது காரணமில்லை, வாயில் மீன் இல்லையே. அசதி என்பதும் காரணமில்லை, அதைவிட அசந்த நாட்களில் சொல்லியிருக்கிறார். கோபமா, இல்லை. இருபத்திரண்டு நாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் எழுந்து வந்து வாயைப் பொத்திவிட்டானோ என்னவோ. கொஞ்ச நேரம் இல்லாமல் இருந்து பார்க்கலாம் என்று. வழக்கமாகப் பதில் வராவிட்டால் அவள் இரண்டாம் தரம் கூப்பிடுவாள், மூன்றாம் தரம் "என்னங்க, காதுல பஞ்சா?" என்பாள். இரண்டாம் தரம் கூப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். நினைத்தார், அது சத்தியம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் இவருக்கும் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. நெத்திலி முழுவதையும் ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். கண்ணைத் திறந்தே படுத்திருந்தாள். "வெளிய போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "ஆமா, கொத்தமல்லி வாங்கப் போனேன்" என்றார். அவர் கையில் மீன்வாடை, அறை முழுக்க மீன்வாடை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். "சரி" என்றாள். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். கூப்பிடத்தான் செய்தாள், இவரும் முந்திக்கொண்டு சொன்னார், ஆனால் எந்தப் பையன் என்று அவள் சொல்வது நின்றுவிட்டது.

விளக்கு அணைந்தது. கதவு திறந்ததும் முதலில் லூர்துமேரியின் இருமல் வந்தது, அப்புறம் அவளே வந்தாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. அவரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "டேய் தோமோ, நீ எங்கடா இங்க? கப்பலேறிப் போயிட்டன்னு சொன்னாங்க!" இரண்டு வருஷமாக அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள், கேப்டன் இல்லையா. "இன்னும் ஏறல" என்றார் பரஞ்சோதி. "உன்னாலதான் என் தொண்டை ரெண்டாப் பொளந்து கெடக்குது. தோமோ தோமோன்னு நாலு டேக். செவிட்டுக் கழுதை, ஒண்ணுக்காவது பதில் சொன்னியா?" என்று அவர் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பிடுங்கி மிச்ச வெந்நீரையும் குடித்தாள். நாலு டேக். நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள், இவர் பஞ்சுக் கதவுக்கு இந்தப் பக்கம் பத்தடியில் உட்கார்ந்து கொத்தமல்லியைப் பற்றி யோசித்துக்கொண்டு. பின்னாலேயே தாரிணி எட்டிப் பார்த்தாள். "சார்! நான் நேத்தே சொன்னேனே." "சொன்னீங்கம்மா." "பின்ன?" "வந்துட்டேன்." சாதிக் உள்ளேயிருந்து சிரித்தான். தாரிணிக்குச் சிரிப்பு வரவில்லை, நாலு மணிக்கு வேறு கம்பெனிக்கு ரூமை விட வேண்டும், அது அவள் முகத்தில் இருந்தது. "வச்சாச்சு சார். பதினேழாவது எபிசோடுலேர்ந்து எடுத்தோம். சூப்பரா செட் ஆயிடுச்சு. வாங்க, நீங்களே கேளுங்க" என்று அவரைக் கண்ட்ரோல் ரூமுக்குள் கூட்டிப்போனாள். திரையில் கடைசிக் காட்சி ஓடியது. தோமோவின் அப்பாவுக்கு நகரத்தில் வேலை, குடும்பம் படகுச் சர்வீஸில் ஏறிப் போகிறது. கரையில் கவிழ்ந்த படகு. இத்தனை நாள் அதற்கு அடியில் கிடந்த நாலு பிள்ளைகளும் முதல் தடவையாக அதன் முதுகின்மேல் ஏறி நிற்கிறார்கள், தூரத்தில் நாலு புள்ளி. காட்சி முழுவதும் போகிற படகிலிருந்து, தோமோவின் முதுகுக்குப் பின்னாலிருந்து. புள்ளிகளில் ஒன்று பேர் கூப்பிடத் தொடங்குகிறது. ஒவ்வொன்றாகப் பதில். கடைசியில் "தோமோ...!" நாலு நொடி கடல் மட்டும். பிறகு பரஞ்சோதியின் குரல், எக்கோ போட்டு, தூரத்தில் தள்ளி, இருக்கேன். பதினேழாவது. பசிக்கிற பையன். அடுப்படியில் சொன்னபோது ரூபா உள்ளேயிருந்து, "பசிதான், ஆனா அம்மா கிட்ட கேக்க வெக்கம்" என்று கூடுதலாக ஒன்று சேர்த்துச் சொன்னது. அழகாகத்தான் பொருந்தியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பொருந்தாமல் இருந்தால் சண்டை போடலாம், இது இப்படியே போனால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையும் டிவி முன்னால் எழுந்து நின்று இது பழைய பையன் என்று சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆளும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "அப்பறம் என்ன சார்?" "இது படகுக்கு அடியில சொன்னதும்மா. ரியோ கையெட்டுற தூரத்துல இருக்கான்னு தெரிஞ்சு சொன்னது." "அதுக்குத்தான் சார் எக்கோ போட்டிருக்கோம்." "தூரம் போட்டிருக்கீங்க. தூரமாப் போறவன் சொன்ன மாதிரி இல்ல." தாரிணி சாதிக்கைப் பார்த்தாள், சாதிக் கூரையைப் பார்த்தான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வார்த்தை. இதுக்கு இவ்வளவு..." என்று இழுத்தாள். "ஒரு வார்த்தைதாம்மா. அதான் கேக்கறேன். ரெண்டு வார்த்தை இருந்தா ஒண்ணை நீங்க வச்சுக்கலாம்." குரல் உயரவில்லை, உயர்ந்தால் இன்னும் சின்னப் பிள்ளை ஆகிவிடும், அது அவருக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் லூர்துமேரி, "குடும்மா அவனுக்கு. இல்லாட்டி இங்கயே படுத்துக்குவான். முப்பத்திரண்டாவது எபிசோடு ஞாபகம் இல்ல?" என்றாள். தாரிணி கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம் சார். ஒரே டேக்."

உள்ளே இருட்டு. ஏசியை நிறுத்தினார்கள், அதன் இரைச்சல் அடங்கியதும் காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். எத்தனை வருஷமாக இதே இருட்டு. அணிலாகவும் பொம்மையாகவும் பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இங்கே நின்றிருக்கிறார், திரையில் வாய் திறந்தால் திறந்து, மூடினால் மூடி. வாயே தெரியாத இடத்தில் இன்று நிற்க வேண்டும், முதுகு மட்டும், ஆறு வயது முதுகு, அதில் ஒரு துணிப்பை. எல்லா இருக்கேனையும் ஒரு தரம் மனசுக்குள் வரிசையாக விட்டுப் பார்த்தார், பசி, தூக்கம், காய்ச்சல், பொய், நண்டு, ஒன்றும் நிற்கவில்லை, எல்லாம் கையில் வழுக்கிப் போயின. சிவப்பு விளக்கு எரிந்தது. திரை ஓடியது. ஹெட்போனில் லூர்துமேரியின் பதிவான குரல் இரட்டைப் பெண்களைக் கூப்பிட்டது, அவர்கள் முந்திக்கொண்டு சொன்னார்கள், சமையல்காரப் பையன் மெல்லாமல் சொன்னான், இன்றைக்கு அவன் வாயில் ஒன்றுமில்லை. "தோமோ...!" கடல். ஒன்று. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு. மூன்று. எங்கேடா சுத்தின. நாலு. உதடு பிரிந்தது. நாக்கு மேலே போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஐந்து, ஆறு. திரையில் கரை சின்னதாகிச் சின்னதாகி நீலமாகி, எழுத்துகள் ஏறத் தொடங்கின. "சார்?" என்றது தாரிணியின் குரல் காதில். "சார், நீங்க சொல்லல." அவருக்கு வேர்த்திருந்தது. வெளியே போய்விடலாம், பதினேழாவதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், பெண்டாட்டி செத்த ஆள் என்று பரிதாபம்தான் படுவார்கள். போய்? போய் என்ன செய்வது, யார் கூப்பிட்டாலும் சொல்லுங்க சொல்லுங்க என்று சொல்லிக்கொண்டு திரிவதா. இந்த வாசல் வழியாக அந்தச் சொல்லைச் சொல்லாமல் போனால் பிறகு எந்த வாசலிலும் சொல்ல முடியாது. கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். தோமோவுக்கு ஏன் சொல்ல வரவில்லை. பதிவான குரல் கூப்பிடுகிறது, அதற்கு இவன் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான், அது சொன்ன இடத்தில் சொன்னதையே சொல்லிவிட்டு நின்றுவிடும். காத்திராது. இரண்டாம் தரம் கூப்பிடாது. அதுதான். அங்கேதான் சிக்கியிருக்கிறது.

"ஒரு உதவி பண்ணுங்கம்மா" என்றார் மைக்கில். "லூர்துமேரியை உள்ள அனுப்புங்க. அவங்க நேர்ல கூப்பிடட்டும். அந்தக் காலத்துல எல்லாரும் ஒரே மைக்கைச் சுத்தி நின்னுதானே பேசினோம்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கசமுசா என்றது. "அப்பறம் இன்னொண்ணு. ரெண்டு தடவை கூப்பிடணும்." "சார், ஒரிஜினல்ல ஒரு தடவைதான்." "கேப்டன் வாய் எங்கம்மா தெரியுது? தூரத்துல புள்ளியா இருக்கான். அத்தனை செகண்டு கடலுதான் ஓடுது. இடம் இருக்கு." "ஏன் சார் ரெண்டாவது தடவை?" தாரிணி நிஜமாகவே கேட்டாள், இப்போது அவள் குரலில் கடிகாரம் இல்லை. "முதல் தடவை அவனால சொல்ல முடியாதும்மா. சொல்லாம இருந்தா, ரியோ விட்டுட்டுப் போயிடுவானா? அம்பத்தோரு நாள் அவன் சொல்ற வரைக்கும் காத்திருந்தவன்." கதவு திறந்தது. லூர்துமேரி வெறுங்காலோடு இருட்டில் தட்டுத்தடுமாறி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கத்துறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லடா" என்று கிசுகிசுத்தாள். "இருக்கறதை வச்சுக் கூப்பிடு" என்றார். வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டாள். ஒரே மைக்குக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள், அவள் அவருக்கு அரையடி பின்னால். சிவப்பு விளக்கு எரிந்தது.

கடல். முதுகு. துணிப்பை. "தோமோ...!" பக்கத்திலிருந்து வந்தது, காதில் சூடாக மூச்சோடு வந்தது, கிழிந்த குரல், ஒரிஜினலில் இருந்ததைவிட மோசமான குரல். அவர் சொல்லவில்லை. இந்தத் தடவை தெரிந்தே சொல்லவில்லை, குழாயைத் திறந்தபடியே விட்டார், நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், வகுப்பு காத்திருந்தது, உள்ளறையில் கண்கள் திறந்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கூப்பிடமாட்டாள். கூப்பிடமாட்டாள் என்றே ஆகிவிட்டது. அப்போது லூர்துமேரி மூச்சை இழுப்பது கேட்டது. அந்த மூச்சே போதுமாக இருந்தது. அவள் "தோ" என்றாள், "மோ" வருவதற்குள் அவருடைய வாய் திறந்துவிட்டது. "இருக்கேன்!" ஐம்பத்தொரு நாள் ஒரு மூச்சு தாமதமாகச் சொன்னவன், இன்று அரை மூச்சு முந்திவிட்டான். பசிக்கிற பையன் இல்லை, தூங்கி வழிகிற பையன் இல்லை. எந்தப் பையன் என்று ரூபாதான் சொல்ல வேண்டும். குரல் கடைசியில் கரகரத்து இரண்டாக உடைந்து, அறுபத்தோரு வயதில் முதல் தடவையாக, கீழே இறங்கி நின்றது. காதில் சாதிக் தாரிணியிடம் மெதுவாகச் சொன்னான், "மேடம், ரெண்டு குரலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. ஒரே மைக். பிரிக்க முடியாது." தாரிணி பதிவை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னொரு டேக் என்றும் சொல்லவில்லை. திரையில் எழுத்துகள் ஏறிக்கொண்டிருந்தன. பரஞ்சோதியின் தோளில் இருந்த கை இன்னும் எடுபடவில்லை. தாளில் இல்லாத வசனம், யாரும் எழுதாத வசனம், கேப்டனின் கிழிந்த தொண்டையிலேயே வந்தது. "இவ்ளோ நேரம் எங்கடா போன?"

"எங்கயும் போகல" என்றார். "இங்கதான் இருந்தேன்."

சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.